முகம் தெரியாதவருக்கு ஜாமீன்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி மூன்று வருஷத்துக்கு முந்தியது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஓசியில் கொடுத்தது, பரணில் கிடந்தது. கிழமை ஒத்துவரவில்லை. அச்சில் இருப்பதை அடித்துவிட்டு நானே எழுதுகிறேன். வாயைத் திறந்தால் இந்த வீட்டில் சண்டைதான் வருகிறது, எழுதியாவது பார்ப்போம்.

விஷயம் இதுதான். மகள் கயல் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். இரண்டாம் வருஷத்துக்கு இருபத்திரண்டாயிரம் ஜூலை பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஹாஸ்டலில் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்களாம். போன வருஷம் ஒரு பெண்ணுக்கு அப்படி வைத்ததை இவளே பார்த்திருக்கிறாள். இவருக்கோ மில்லில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. நூல் விலை, பஞ்சு விலை என்று என்னவோ சொல்கிறார். நான் கேட்டது சம்பளம், அவர் சொல்வது பொருளாதாரம்.

ஆகவே நான் மாவு வியாபாரம் ஆரம்பித்துவிட்டேன். வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அக்கா முதல் பாக்கெட் வாங்கினார். பதினான்கில் ஒன்பது போயிற்று. மீதி ஐந்தில் நாங்கள் இட்லி, தோசை, பணியாரம், மறுபடி இட்லி.

ஜூன் 5, புதன்

போனில் ஒரு வேலை வந்தது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு. நேற்று நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே வந்தது. இன்று ‘பெரிய டாஸ்க்’ என்றார்கள். மூவாயிரம் கட்டினால் நாலாயிரத்து இருநூறு திரும்ப வருமாம். சிலிண்டருக்கும் கரண்டு பில்லுக்கும் வைத்திருந்ததைக் கட்டினேன். கட்டி இரண்டு நிமிஷத்தில் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

இதை இவரிடம் சொல்லப்போவதில்லை. எட்டாவது வரை படித்த பாத்திமுத்து அக்காகூட ஏமாந்திருக்க மாட்டார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 8, சனி

மழை. யாரும் வரவில்லை. பத்து பாக்கெட் புளித்துச் சாக்கடைக்குப் போயிற்று.

ஜூன் 11, செவ்வாய்

அடுத்த தெரு காளிதாஸ் மாவு வாங்க வந்தார். வக்கீல் குமாஸ்தா. எப்போதும் கக்கத்தில் ஒரு கேஸ் கட்டு. அப்போது நான் கயலின் சாதிச் சான்றிதழைத் தேடி பீரோவைக் கலைத்துப் போட்டிருந்தேன். கட்டில்மேல் வீட்டு வரி ரசீது இரண்டும் கிடந்தன, முதல் அரையாண்டு ஒன்று, இரண்டாம் அரையாண்டு ஒன்று. ஏப்ரலில் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றதால் கட்டிவைத்தது. வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. என் நகையும் அவர் பி.எஃப். பணமும் போய்த்தான் இந்த இரண்டு அறையும் வந்தன.

காளிதாஸ் ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டா மாவாட்டிக் கஷ்டப்படுகிறீர்கள் என்றார்.

பிறகு விளக்கினார். ஜெயிலில் இருப்பவரை ஜாமீனில் எடுக்க, சொந்த வீடு உள்ள இரண்டு பேர் கோர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பல பேருக்கு உறவு இருக்கும், வீடு இருக்காது. வீடு உள்ள உறவு வராது. அதனால் ஆள் பிடித்து நிறுத்துவது வழக்கம்தானாம். ஒரு கையெழுத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. நாம் ஒரு பைசா கட்ட வேண்டாம், ஆள் ஓடினால்தான் கோர்ட் நம்மைக் கேட்கும், யாரும் ஓடுவதில்லை என்றார்.

எங்கள் வீட்டில் ஜாமீன் என்ற வார்த்தையே ஆகாது. இவருடைய அண்ணன் சினேகிதனுக்குக் கையெழுத்துப் போட்டுத் தோட்டத்தைத் தோற்றவர். அன்றிலிருந்து எவர் காகிதம் நீட்டினாலும் இவர் பேனாவை ஒளித்துவைப்பார். அதனால் காளிதாஸிடம் கண்டிப்பாகச் சொன்னேன், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று. தன்னிடம் வந்த சொல் வெளியே போகாது என்றார். மாவுக்குக் காசு கொடுக்காமலே போய்விட்டார்.

ஜூன் 14, வெள்ளி

போட்டுவிட்டேன்.

ஒன்பதரைக்கே கோர்ட் வாசலில் நிறுத்தி காளிதாஸ் பாடம் சொல்லிக்கொடுத்தார். பெயர் சவரியப்பன், தகப்பனார் அந்தோணி, வயது ஐம்பத்திரண்டு, பிரியாணி மாஸ்டர். வேலை பார்த்த கடையில் செம்பு அண்டாவைத் திருடியதாகக் கேஸ். ஆள் ஜெயிலில் இருக்கிறார், கோர்ட்டுக்கு வரமாட்டார். போனில் போட்டோ காட்டினார். வெயிலில் பாதி முகம்தான் தெரிந்தது, மீசை இருந்தது. என்னோடு நிற்க வேண்டிய இன்னொரு ஜாமீன்தாரரின் வீட்டு வரி மூன்று வருஷ பாக்கியாம், அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் வேறு ஆள் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் உங்களுடையதை முடியுங்கள் என்றார் காளிதாஸ்.

டவாலி என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். நீதிபதி ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும்.

“இவர் உங்களுக்கு என்ன உறவு?”

“அண்ணன் முறைங்கம்மா. பெரியம்மா மகன்.”

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உங்க பேரு கோகிலவாணி. அவர் பேரு சவரியப்பன்.”

“பெரியம்மா கல்யாணத்துக்கப்புறம் கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாங்கம்மா.”

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு இருக்கும் ஒரே பெரியம்மா மாதம் தவறாமல் கிருத்திகைக்குப் பழனி மலை ஏறுகிறவர். காளிதாஸ் கக்கத்துக் கட்டை நழுவவிட்டார். ஆள் ஓடினால் இருபத்தைந்தாயிரம் நான் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சொத்தின் மேல் வரும் என்று அந்த அம்மா சொன்னார். தெரியும் என்று தலையாட்டினேன். ஆறு இடத்தில் கையெழுத்து. முதல் அரையாண்டு ரசீதின் முதுகில் கோர்ட் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு கேஸுக்கு அதைக் காட்டிவிடக் கூடாதாம்.

காசை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஜூன் 15, சனி

முத்திரை குத்திய ரசீதை பீரோவில் திரும்ப வைக்க முடியாது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். இவருக்கு அரிசி அளக்கும் பழக்கம் இல்லை.

ஜூன் 17, திங்கள்

காலையில் இவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். மில்லுக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்றேன். யூனியன் மீட்டிங் என்றார். சாயங்காலம் வந்து கயலுக்கு என்று இரண்டாயிரம் கொடுத்தார். ஓவர்டைம் காசாம். மூன்று நாள் வேலை கொடுக்கும் மில்லில் ஓவர்டைம்.

இன்னொன்று. முன்பெல்லாம் இவர் தலையை உதறினால் பஞ்சு பறக்கும், சீப்பு பல்லில் சிக்கும். இப்போது ஒரு இழை இல்லை. கேட்டால் புது மெஷின் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறது என்கிறார். நல்லது, உறிஞ்சட்டும். எனக்கு அரைக்க வேண்டிய உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

சவரியப்பன் நேற்று வெளியே வந்துவிட்டாராம். இரண்டாவது ஜாமீனுக்குத் திங்கட்கிழமை ஒரு மில் தொழிலாளி கிடைத்தார் என்று காளிதாஸ் சொன்னார். நிபந்தனை ஜாமீன். தினமும் காலை பத்தரைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இன்று இரண்டு பாக்கெட் மாவு, போன வாரத்து ஒன்று, மூன்றுக்கும் காசைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

பீரோவில் இரண்டாம் அரையாண்டு ரசீதைக் காணவில்லை.

நான் எடுத்தது முதல் அரையாண்டு. மற்றதைத் தொடவே இல்லை. மூன்று முறை துணியெல்லாம் எடுத்து உதறிப் பார்த்துவிட்டேன். இவரைக் கேட்கவும் முடியாது. கேட்டால் முதல் அரையாண்டு எங்கே என்று திருப்பிக் கேட்பார். நான் தேடுவதை இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், என்ன தேடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தோரு வருஷத்தில் இவர் கேட்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

சாப்பிடும்போது திடீரென்று, ஜாமீனில் வந்தவன் செத்துப்போனால் ஜாமீன்தாரரை விட்டுவிடுவார்களா என்றார். பேப்பரில் என்னவோ போட்டிருந்ததாம். நான் என்ன வக்கீலா, சோற்றைச் சாப்பிடுங்கள் என்றேன். ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

இடி விழுந்துவிட்டது. சவரியப்பன் நாலு நாளாகக் கையெழுத்துப் போட வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. போலீஸ் கோர்ட்டுக்கு எழுதிவிட்டது. ஜூலை 4 வியாழக்கிழமை வாய்தா. அன்றைக்கு ஆள் நிற்காவிட்டால் எனக்கு இருபத்தைந்தாயிரம், அந்த மில் தொழிலாளிக்கு இருபத்தைந்தாயிரம்.

காளிதாஸ் இதை வாசலில் நின்று, மாவு நல்லா பொங்குதா என்று கேட்கிற குரலில் சொன்னார். யாரும் ஓடுவதில்லை என்றீர்களே என்றேன். இதுவரைக்கும் ஓடியதில்லை என்றார்.

கயலுக்குச் சேர்த்து வைத்திருப்பது பதினேழாயிரத்துச் சொச்சம். அதைக் கொண்டுபோய் யாரோ ஒருவனின் அண்டாவுக்குக் கட்டவா? அதுவும் போதாது. பாக்கிக்கு வீட்டில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பயமாக இருக்கிறது. இவரும் இன்று சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பு சுடுகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சவரியப்பன் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். ஒண்டுக் குடித்தனம். அவர் மனைவி ஆரோக்கியமேரி வாசலிலேயே மறித்துக்கொண்டு, அவர் எங்கே போனார் என்று தனக்குத் தெரியாது என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உங்கள் வீட்டுக்காரருக்காக என் வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன், தெரியாது என்று சொன்னால் எப்படி என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் கத்தவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நேற்று இன்னொரு ஜாமீன்தாரரும் வந்து கேட்டுவிட்டுப் போனாராம். ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கன்னத்தில் மருவோடு. அவர் கத்தவில்லையாம், இடிந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம், ஆரோக்கியமேரிதான் டீ போட்டுக் கொடுத்தாராம்.

கன்னத்தில் மரு ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும்.

ஜூன் 30, ஞாயிறு

கயல் பேசினாள். பணம் ஆகிவிட்டதா என்று கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

காலை பத்து மணி. இவர் மில்லுக்குப் போகவில்லை, ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று கட்டிலில் படுத்திருந்தார். நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் நின்றது. ஏட்டு ஒருவர், கையில் நோட்டீஸ். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. நான் ஈரக் கையோடு ஓடிப்போய், கோகிலவாணி நான்தான், கொடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அவர் நகரவில்லை.

“இன்னொண்ணு இருக்கும்மா. துரைப்பாண்டி யாரு?”

பின்னால் கட்டில் கிறீச்சென்றது. இவர் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஏட்டு இரண்டு காகிதத்தையும் ஒருமுறை பார்த்து, ஒரே கேஸு, ஒரே வீட்டு நம்பர், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

கதவைச் சாத்தினேன். கிரைண்டர் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது, போய் மூடினேன். பிறகு அரிசி டிரம்மிலிருந்து என் ரசீதை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டேன். அவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தன்னுடையதை எடுத்தார். இரண்டிலும் முதுகில் முத்திரை.

மில் மே மாதமே மூடிவிட்டது. இத்தனை நாளும் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு போய் லாரி செட்டில் மூட்டை தூக்கியிருக்கிறார். தூக்க முடியாத நாளில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியும். பஞ்சு இல்லாத தலையைப் பார்த்த அன்றைக்கே தெரியும். தெரிந்ததை எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதாமல் விட்டேன்.

“கோர்ட்டுல என்ன உறவுன்னு சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“மச்சான்னு சொன்னேன். பொண்டாட்டியோட அண்ணன்னு.”

“எதுக்கு எம் பக்கத்த இழுத்தீங்க?”

“திருட்டுக் கேஸு. எம் பக்கம்னு சொல்ல வாய் வரல.”

இரண்டு பொய்யும் அச்சாகப் பொருந்தியிருக்கிறது. அதனால்தான் கோர்ட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிரிப்பு வந்தது, சிரித்தேன், அவரும் சிரித்தார். பிறகு ஐம்பதாயிரம் என்று அவர் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

இரண்டு பேரும் காளிதாஸ் வீட்டுக்குப் போனோம். நான் சண்டை போடத்தான் போனேன். அவர் அசரவில்லை.

“ரெண்டு பேருமே வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னீங்க. நான் சொல்லல. அது என் தப்பா?”

பிறகு அவரே வழி சொன்னார். ஆளைக் கண்டுபிடித்து வியாழக்கிழமை கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆள் நேரில் நின்றுவிட்டால் அபராதம் விழாது. ஆள் நிற்கும்போதே நாங்கள் எங்கள் ஜாமீனை விலக்கிக்கொள்ளவும் சட்டம் உண்டு, அதற்கு ஒரு மனு எழுதி வைத்துக்கொள்வோம், ஒரு பாதுகாப்புக்கு என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். நாங்கள் விலக்கிக்கொண்டால் அந்த மனுஷனுக்கு என்ன ஆகும் என்று இவர் கேட்டார். வேறு ஜாமீன் கொடுக்க வேண்டும் என்றார் காளிதாஸ். கொடுக்க முடியாவிட்டால் என்று இவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆரோக்கியமேரியிடம் மறுபடி போனோம். இந்தத் தடவை நான் கத்தவில்லை. அவருக்கு ஒரு கெடுதலும் வராது, வியாழக்கிழமை வந்து நின்றால் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நத்தம் பக்கம் ஒரு காதுகுத்தில் சமைக்கிறார் என்று ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார்.

ஜூலை 3, புதன்

முதல் பஸ்ஸில் போனோம். கோவில் தோப்பில் பந்தல். வெட்டிய கிடாக்கள் ஒரு பக்கம், அடுப்புகள் ஒரு பக்கம். தோளில் துண்டும் கையில் துடுப்புமாக நின்றவரை மீசையை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். மூன்று வாரமாக எனக்கு அண்ணன், இன்றுதான் முகத்தைப் பார்க்கிறேன். முழங்கை வரைக்கும் பழைய தீக்காயங்கள்.

நாங்கள் யார் என்று சொன்னதும் ஓடவில்லை. இரண்டு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார்.

“நான் ஓடிப் போகலம்மா. காலைல பத்தரைக்குக் கையெழுத்துங்கிறாங்க. பத்தரைக்குத்தான் பிரியாணி தம் உடைக்கணும். பாதில விட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடுற மாஸ்டர எவன் கூப்பிடுவான்? நாலு நாளு கையெழுத்துப் போட்டேன், நாலு நாளும் வேலை இல்ல. வக்கீலுக்குக் குடுத்தது, உங்களுக்குக் குடுத்தது எல்லாம் வட்டிக்கு வாங்குனது.”

உங்களுக்குக் கொடுத்தது என்றபோது நான் இவரைப் பார்த்தேன். இவர் அடுப்பைப் பார்த்தார். அண்டா விஷயமும் கேட்டேன். கடை ஆரம்பித்தபோது தன் வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்த அண்டாவாம், வேலையை விட்டபோது திரும்ப எடுத்து வந்தாராம். பதினாலு வருஷத்துக்கு முந்தைய அண்டாவுக்கு ரசீதா வைத்திருப்பேன் என்றார்.

நாளைக்கு வந்தால் வக்கீல் பேசி, கையெழுத்து நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றித் தருவார் என்று நான் சொன்னேன். காளிதாஸ் அப்படிச் சொன்னாரா? பந்தலிலிருந்தே போனில் கேட்டபோது பேசிப் பார்க்கலாம் என்றார், சொன்ன மாதிரிதான். சவரியப்பன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்க சொன்னா வாரேம்மா என்றார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டு அவரே பரிமாறினார். இவர் சாப்பிட்டார். நான் சாப்பிட்டேன். நல்ல பசி. நன்றாகத்தான் இருந்தது. அதை எழுதவே கை கூசுகிறது.

பஸ்ஸில் வரும்போது மனு யாரிடம் இருக்கிறது என்று இவர் கேட்டார். என் பையில் என்றேன்.

ஜூலை 4, வியாழன்

பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சலவைச் சட்டை, தலைக்கு எண்ணெய். ஆரோக்கியமேரி வரவில்லை, வேலைக்குப் போய்விட்டாராம். எங்களைப் பார்த்துத் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார்.

வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். காளிதாஸ் மட்டும் வந்தார். நேரம் மாற்றச் சொல்லி யாராவது கேட்பார்களா என்றேன். முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, என் பையிலிருந்த மனுவை வாங்கி பெஞ்சு கிளார்க்கிடம் கொடுத்தார்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று நீதிபதி அம்மா கேட்டார். சவரியப்பன் வேலை, அடுப்பு, பத்தரை மணி என்று தடுமாறினார். யார் காதிலும் ஏறவில்லை. நேரத்தை மாற்றிக் கேட்டு மனு ஏதும் இருக்கிறதா என்றார் அந்த அம்மா. இல்லை. பெஞ்சு கிளார்க் எங்கள் மனுவை எடுத்து நீட்டினார்.

அதைப் படித்துவிட்டு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “உங்க அண்ணனுக்கு நீங்க குடுத்த ஜாமீன, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் விலக்கிக்கிறீங்க. யோசிச்சுத்தான் கேக்கறீங்களா?”

சவரியப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. சாயங்காலத்துக்கு மாற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல, லேசாகச் சிரித்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுவைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நான் வீட்டை நினைத்தேன். ஹாஸ்டல் வாசலில் கயலின் பெட்டியை நினைத்தேன். இவர் என் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

“ஆமாங்கம்மா. பயமா இருக்குதுங்கம்மா,” என்றேன்.

வேறு ஜாமீன் கொடுக்கும்வரை காவலில் வைக்கச் சொல்லி உத்தரவு. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் ரசீதுகளின் முத்திரைமேல் குறுக்கே கோடு போட்டு ‘விடுவிக்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சவரியப்பன் வராந்தாவில் போலீஸ்காரர்களோடு நின்றார். நான் கண்ணில் படாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அம்மா என்று கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

“ஞாயித்துக்கிழம ஒட்டன்சத்திரத்துல ஒரு விசேஷம் ஒத்துக்கிட்டேன். நூறு கிலோ. எனக்காக நம்பிக்கிட்டு இருப்பாங்க. இந்த நம்பருக்குப் போன் போட்டு, மாஸ்டர் வரமாட்டாரு, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிருங்கம்மா. கடைசி நேரத்துல அவங்க தவிக்கக் கூடாது.”

வாங்கிக்கொண்டேன். சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து இரண்டு ரசீதையும் பீரோவில் வைத்துப் பூட்டினோம். ஒரு காகிதம்கூடக் குறையவில்லை. எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த ஐந்தாயிரத்தை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

மாவு அரைக்கவில்லை. போன் பேசவும் இல்லை. சீட்டு ஜன்னலில் இருக்கிறது.

ஜூலை 6, சனி

இனியும் தள்ளினால் அந்த விசேஷக்காரர்களுக்குத் துரோகம் என்று காலையில் அந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்தவர் பெயர் கந்தவேல், பேத்திக்குக் காதுகுத்து வைத்திருப்பவர். மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை, வரமாட்டார் என்றேன். ஜெயில் என்று சொல்லவில்லை, அந்த மரியாதையாவது மிஞ்சட்டும் என்று.

அவர் பதறிவிட்டார். நாளைக்கு விடிந்தால் விசேஷம், முகூர்த்த நாள், இந்த நேரத்தில் நூறு கிலோவுக்கு மாஸ்டரை எங்கே போய்ப் பிடிப்பேன் என்றார். என் குரலைக் கேட்டு மாஸ்டர் வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டார். உங்களுக்குத் தெரிந்த மாஸ்டர் யாராவது இருந்தால் அனுப்பிவையுங்கள், உங்கள் கைக்குத் தனியாக மூவாயிரம் கொடுத்துவிடுகிறேன், இப்போதே போனில் போட்டுவிடுகிறேன் என்றார்.

கயலுக்கு இன்னும் இரண்டாயிரத்து நானூறு வேண்டும். புதன்கிழமை கடைசி நாள்.

இவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“மில் கேன்டீன் மாஸ்டரும் சும்மாத்தான் இருக்காரு. நம்பர் எங்கிட்ட இருக்கு.”

வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்த மாதிரி இருந்தது. அவர் சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். போனில் கந்தவேல், அம்மா லைனில் இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எழுதுவதற்குப் பக்கத்தில் வேறு காகிதம் இல்லை. இவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். இந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் இருப்பது அந்த நம்பர்தான்.